டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்: கழிவறைக் கோளாறுகளை நாமே சரிசெய்வது

பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் ஒன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மொத்தம் பதினான்கு கழிவறைகள். விளக்கு, மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாமே என் பொறுப்புதான். ஆனால் யாராவது மூச்சிரைக்க என்னைத் தேடி வந்தால் அது அநேகமாகக் கழிவறை விஷயமாகத்தான் இருக்கும். மின்விசிறி ஓடவில்லை என்றால் ஒரு ராத்திரி சமாளித்துவிடலாம். ஃப்ளஷ் வேலை செய்யவில்லை என்றால், எண்பது வயது மனிதர் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தள்ளாடியபடி வாளியைத் தூக்குகிறார். அப்படி ஒருவர் ஈரத்தரையில் வழுக்கி விழப் பார்த்ததை நேரில் கண்ட பிறகு, இந்த வேலையை நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் ஒத்திப்போட்டதே இல்லை.

கழிவறைக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஆளை வரவழைக்காமல் நாமே சரிசெய்யக்கூடியவை. கஷ்டமெல்லாம் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான். தண்ணீர் குழாயிலிருந்து டேங்குக்கு வருகிறது. டேங்கிலிருந்து கோப்பைக்கு இறங்குகிறது. கோப்பையிலிருந்து வெளியே போகிறது. இந்த மூன்றில் எது தடுமாறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது தெரியாமல் கடைக்கு ஓடினால், நன்றாக இருக்கிற வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டிருப்போம். கோளாறு அப்படியே இருக்கும்.

அதனால் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். பீங்கான் மூடி என்றால் இரண்டு கையாலும் நேராகத் தூக்கி, தரையில் மடித்துப் போட்ட துண்டின் மேல் படுக்கவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சரிந்து உடையும். தனியாக மூடி மட்டும் கிடைப்பது சிரமம். உள்ளே இருப்பது குழாயில் வரும் அதே தண்ணீர்தான், கையை விடத் தயங்க வேண்டாம். இப்போது ஒரு தடவை ஃப்ளஷ் செய்துவிட்டு, டேங்க் மறுபடி நிரம்பி அடங்கும் வரை பார்த்துக்கொண்டே இருங்கள்.

பிடியை அழுத்தியதும் ஒரு சங்கிலி இழுபடும். அதன் முனையில் இருக்கிற ரப்பர் மூடி அடித்துளையை விட்டு எழும்பும். தண்ணீர் மொத்தமும் கோப்பைக்குள் இறங்கும். மட்டம் இறங்கியதும் ரப்பர் மூடி தானாக உட்கார்ந்துகொள்ளும். மிதவை கீழே போய்விட்டதால் பக்கத்தில் இருக்கிற நிரப்பு வால்வு திறந்து புதுத் தண்ணீர் வரும். அதில் கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாக, நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் விழுந்து கோப்பையையும் நிரப்பும். மிதவை மேலே வந்ததும் வால்வு மூடும், சத்தம் அடங்கும். பொத்தான் வைத்த டேங்கில் சங்கிலிக்குப் பதிலாக நடுவில் ஒரு பிளாஸ்டிக் கோபுரம் இருக்கும். அதுதான் எழும்பி இறங்கும், ரப்பர் வளையம் அதன் அடியில் இருக்கும். இந்த ஓட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அடுத்த தடவை எது மாறியிருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிற்காமல் ஓடும் தண்ணீர்

எங்கள் நான்காம் அறைப் பாட்டிக்குத் தூக்கம் குறைவு. ஒரு காலை, "தம்பி, ராத்திரி சுவருக்குள்ள யாரோ குசுகுசுன்னு பேசுற மாதிரியே இருக்கு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் வயசாகிவிட்டது என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று இரவு பதினொரு மணிக்கு அவர் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் கழிவறையிலிருந்து, யாரும் தொடாமலே, "உஸ்ஸ்" என்று சில விநாடி தண்ணீர் ஏறி நின்றது. பாட்டி சொன்னது அத்தனையும் சரி.

அதற்குக் காரணம் இதுதான். ரப்பர் மூடியின் ஓரம் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மட்டம் ஓரளவு குறைந்ததும் மிதவை வால்வைத் திறந்து அதை ஈடுகட்டும். கோப்பையில் பார்த்தால் கசிவு கண்ணுக்கே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு பென்சில் போதும். டேங்குக்குத் தண்ணீர் வரும் குழாயில், சுவரை ஒட்டி ஒரு திருகு இருக்கும், ஆங்கிள் வால்வு என்பார்கள். அதை மூடிவிட்டு, டேங்கின் உள்சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். யாரும் ஃப்ளஷ் செய்யாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் கோட்டை விட்டு இறங்கியிருந்தால் அடியில் இருக்கிற ரப்பர் கசிகிறது. இறங்கவில்லை, ஆனால் ஆங்கிள் வால்வைத் திறந்ததும் தண்ணீர் ஏறிக்கொண்டே போய் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழிகிறது என்றால் நிரப்பு வால்வு மூடவில்லை. பிரச்சினை மேலேயா கீழேயா என்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடும். இன்னும் உறுதி வேண்டுமானால் டேங்கில் உணவுக்குப் போடும் வண்ணத்தில் சில சொட்டு விட்டு இருபது நிமிஷம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நிறம் வந்திருந்தால் கசிவுதான்.

பாட்டியின் டேங்க் உள்ளளவு 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம். ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் 600 மில்லிலிட்டர் போயிற்று என்று பொருள். ஒரு மணி நேரத்தில் 4 செ.மீ. இறங்கியிருந்தது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 58 லிட்டர், சத்தமே இல்லாமல். நீங்களும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அந்த எண்ணைக் கையில் எழுதிய பிறகு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட மனசு வராது.

ரப்பர்தான் என்று தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பதில்லை. முதலில் சங்கிலியைப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் ரப்பரை முழுசாக உட்கார விடாது. மிக நீளமாக இருந்தால் நுனி ரப்பருக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். மூடியிருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் அளவு தொய்வு இருந்தால் போதும். அது சரியாக இருந்தால் ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, ரப்பரை வெளியே எடுத்து விரல்களுக்கு நடுவில் தேயுங்கள். கையில் கறுப்பு மை மாதிரி ஒட்டினால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஒட்டவில்லை என்றால் துணியால் துடைத்து, அது உட்காரும் வளையத்தையும் விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பாட்டியின் டேங்கில் எனக்கு அகப்பட்டது கடுகளவு ஒரு மணல் துணுக்கு. அதை எடுத்ததும் கசிவு நின்றது. ஒன்றுமே வாங்கவில்லை.

ரப்பர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அளவும் மாட்டும் விதமும் டேங்குக்கு டேங்க் மாறும். டேங்குக்குள் போடும் குளோரின் மாத்திரைகளை நான் எங்கள் இல்லத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் தேங்கி நிற்கிற நேரமெல்லாம் அந்த மருந்து ரப்பரை அரித்துக்கொண்டே இருக்கும்.

நிரப்பு வால்வில்தான் கோளாறு என்றால், மிதவை சுவரிலோ சங்கிலியிலோ உரசுகிறதா என்று பாருங்கள். பந்து மாதிரி மிதவை என்றால் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் தளும்பினால் அது இனி மிதக்காது. மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையின் திருகைச் சரிசெய்யுங்கள். அப்படியும் நிற்காமல் ஒழுகினால் வால்வின் தலைக்குள் மண் புகுந்திருக்கலாம். பல வால்வுகளில் மேல்மூடியை லேசாகத் திருப்பினால் கழன்று வரும், தண்ணீரை மூடிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். உள்ளே இருக்கிற சின்ன ரப்பரைக் கழுவி, திறந்திருக்கும் வாயின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஆங்கிள் வால்வை இரண்டு விநாடி திறந்து மூடுங்கள். மண் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். டம்ளர் இல்லாமல் திறந்தால் தண்ணீர் கூரை வரை போகும்.

இன்னொன்று. கோப்பையை நிரப்பும் அந்தச் சின்னக் குழாயின் முனை ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்கு மேலே தொங்க வேண்டும். டேங்கின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போகும்படி யாராவது அதை உள்ளே திணித்திருந்தால் அதுவே தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும். எல்லாப் பாகத்தையும் மாற்றிவிட்டுக் கடைசியில் இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

ஃப்ளஷ் செய்தும் போகவில்லை

இங்கே வாளிதான் சோதனைக் கருவி. ஆறேழு லிட்டர் தண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து கோப்பைக்குள் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பயனில்லை. அந்த வேகம்தான் கோப்பைக்கு அடியில் இருக்கிற வளைவில் நிற்கும் தண்ணீரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வாளித் தண்ணீருக்கு எல்லாம் சுத்தமாகப் போய்விட்டால் கோப்பையிலும் வெளிக் குழாயிலும் குறையில்லை. டேங்கிலிருந்து போதுமான தண்ணீர் போதுமான வேகத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் டேங்கில் மட்டம் குறைவாக இருக்கிறதா, ஆங்கிள் வால்வு பாதி மூடியிருக்கிறதா, சங்கிலி தொளதொளவென்று இருந்து ரப்பர் பாதியிலேயே விழுந்துவிடுகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் இரண்டு நிமிஷ வேலை. எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் சோம்பலாக இறங்கினால் கோப்பையின் விளிம்புக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் தெரியும். உப்புத் தண்ணீர் வருகிற இடங்களில் அவை சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கும். வினிகரில் நனைத்த துணியை விளிம்புக்கு அடியில் சுற்றிலும் செருகி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பிடிவாதமான துளைக்கு மெல்லிய பிளாஸ்டிக் குச்சி போதும். இரும்புக் கம்பியால் குத்தினால் மேற்பூச்சு பெயர்ந்து, அங்கேதான் அடுத்த அழுக்கு முதலில் ஒட்டும்.

டேங்க் நிரம்பவே அரைமணி நேரம் ஆகிறது என்றால், நிரப்பு வால்வுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் சின்ன வலை வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புக் குழாயைக் கழற்றி அதைக் கழுவி மாட்டினாலே பழையபடி நிரம்பும்.

அடைப்பு

கோப்பையில் தண்ணீர் மேலே ஏறிவருவதைப் பார்த்தால் தயவுசெய்து இன்னொரு தடவை ஃப்ளஷ் செய்யாதீர்கள். எல்லாருக்கும் கை அங்கேதான் போகும். அதற்குப் பதிலாக டேங்க் மூடியைத் திறந்து ரப்பரைக் கையால் கீழே அழுத்துங்கள், அல்லது ஆங்கிள் வால்வை மூடுங்கள். மட்டம் தானாக இறங்கட்டும்.

அடுத்து யோசிக்க வேண்டியது, உள்ளே என்ன போயிருக்கும் என்பது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தாத்தாவின் பல்செட்டால். காலையில் வாய் கொப்பளிக்கும்போது நழுவிக் கோப்பைக்குள் விழுந்துவிட்டது. பதற்றத்தில் கை பட்டு ஃப்ளஷும் ஆகிவிட்டது. அவர் என்னிடம் அடைப்பு என்று மட்டும்தான் சொன்னார். பல்செட் என்று சொல்ல அவருக்கு வெட்கம். நான் வழக்கம்போலக் கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணத்தை, அதாவது பிளஞ்சரை எடுத்துவந்து இரண்டு தடவை அழுத்தினேன். அப்போதுதான் அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவதைக் கவனித்தேன். உடனே நிறுத்தினேன். இன்னும் நாலு அழுத்து அழுத்தியிருந்தால் அது வளைவைத் தாண்டி வெளிக் குழாய்க்குள் போய்ச் சிக்கியிருக்கும், அதற்குக் கோப்பையையே பெயர்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, வளைவுக்குள் கையை விட்டேன். விரல் நுனியில் பட்டது. கழுவி, கொதிக்காத சுத்தமான தண்ணீரில் கிருமிநாசினி மாத்திரை போட்டு ஊறவைத்து, மத்தியானம் கொடுத்தேன். அதிலிருந்து அடைப்பு என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே ஏதாவது விழுந்ததா?" என்பதுதான். அதையும் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பேன்.

கெட்டியான பொருள் என்றால் வெளியே இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. கழிவோ காகிதமோ என்றால் பிளஞ்சர் நன்றாக வேலை செய்யும். பாத்திரத் தொட்டிக்கான தட்டையான கிண்ணம் இதற்குச் சரிப்படாது. அடியில் இன்னொரு ரப்பர் உதடு நீண்டிருப்பதுதான் கழிவறைக்கானது. ரப்பர் மூழ்கும் அளவு கோப்பையில் தண்ணீர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காற்றைத்தான் அழுத்திக்கொண்டிருப்போம். சாய்வாக இறக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, துளையை முழுசாக மூடி, முதல் அழுத்தை மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் முகத்தில் தெறிக்கும். பிறகு பதினைந்து இருபது தடவை, பிடியை விடாமல், அழுத்தவும் இழுக்கவும் செய்யுங்கள். அடைப்பை அசைக்கிறது பெரும்பாலும் இழுக்கிற வேகம்தான். இடையில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீர் விட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால் இளகிவரும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்.

அதற்கும் அசையாவிட்டால் கைப்பிடி வைத்த ஸ்பிரிங் கம்பி. கோப்பையைக் கீறாதபடி வளைவில் ரப்பர் உறை போட்டதாக வாங்குங்கள். உள்ளே விட்டுச் சுற்றிக்கொண்டே போனால் அடைப்பில் போய் முட்டும். குத்தாமல் மாட்டி இழுக்கப் பாருங்கள்.

அடைப்பு நீக்கும் காரப் பொடிகளை நான் கழிவறைக்குப் பயன்படுத்துவதில்லை. அடைப்பு போகாவிட்டால், கோப்பை நிறைய அரிக்கும் திரவத்தோடு நிற்போம். அடுத்து பிளஞ்சர் போடுகிறவரின் கண்ணில் அதுதான் தெறிக்கும். ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் முதல் உலகப் போரில் போர்க்களத்தில் விட்ட விஷவாயு அதேதான். கதவு மூடிய சின்ன அறையில், மூச்சு வாங்கும் வயதானவர் ஒருவர் அதைச் சுவாசிப்பதை நினைத்துப் பாருங்கள். அப்படி யாராவது ஊற்றிவிட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்து, எல்லாரையும் விலகி இருக்கச் சொல்லுங்கள். ஈரத் துடைப்பான் காகிதங்களையும் உள்ளே போட வேண்டாம். பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவை சாதாரணக் கழிவறைக் காகிதம் மாதிரிக் கரைவதில்லை.

நாற்றம்

எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லை என்று சொல்கிறவர்கள் மேலும் மேலும் வாசனைத் திரவம் ஊற்றுவார்கள். கோப்பைக்கு அடியில் இருக்கிற வளைவில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் பூட்டு நிற்க வேண்டும், சாதாரணமாக ஐந்து சென்டிமீட்டர் ஆழம். கழிவுக் குழாயின் வாயு அறைக்குள் வராமல் தடுப்பது அது ஒன்றுதான். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங் இந்த வளைவு வைத்த கழிவறைக்கு 1775இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் அதே வளைவுதான்.

ஆள் இல்லாத அறைகளில் இந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். எங்கள் இல்லத்தில் காலி அறை இருந்தால் வாரம் ஒருமுறை கோப்பையிலும் தரைத் துளையிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவேன். தினமும் புழங்கும் கழிவறையில் நாற்றம் வருகிறது, ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்துத் தரைத் துளை "களக் களக்" என்கிறது என்றால், கூரைக்குப் போகும் காற்றுக் குழாய் அடைத்திருக்கலாம், அல்லது வெளிக் குழாய் பாதி அடைத்திருக்கலாம். அதற்கு ஆள் வேண்டும்.

தரையில் ஈரம்

முதலில் எல்லாவற்றையும் உலரத் துடைத்துவிட்டு, காகிதத் துண்டால் ஆங்கிள் வால்வின் நட்டு, இணைப்புக் குழாய், டேங்குக்கு அடியில் இருக்கிற போல்ட், கோப்பையின் அடி என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் எப்போதும் கீழே வந்துதான் தேங்கும், கசிவு மேலே எங்கோ இருக்கும். டேங்கின் வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக இருந்தால் அது கசிவே இல்லை. குளிர்ந்த தண்ணீரால் காற்றின் ஈரம் படிகிறது. டேங்க் போல்ட்டில் கசிந்தால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கால் திருப்பு மட்டும் இறுக்குங்கள். பலம் காட்டினால் பீங்கான் விரிந்துவிடும். நட்டில் கசிந்தால் வாஷரைப் பாருங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதானால், இறுக்கும்போது நட்டு திரும்பும் திசையிலேயே சுற்றுங்கள்.

கோப்பை ஆடுகிறது, ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் அடியில் ஈரம் வருகிறது என்றால் அடியில் இருக்கிற மெழுகு அல்லது ரப்பர் வளையம் போய்விட்டது. கோப்பையைத் தூக்கித்தான் புதுசு வைக்க வேண்டும். இதை நான் தனியாகச் செய்வதில்லை. வரும் கசிவு கழிவு கலந்தது என்பதால் தள்ளிப்போடவும் மாட்டேன். சுற்றிலும் சிமென்ட் பூசி மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கசிவு அப்போதும் நடக்கும், கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கு அடியில்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஒரே நேரத்தில் தண்ணீர் மெதுவாகப் போகிறது என்றால் அதுவும் நம் கையில் இல்லை. வெளிக் குழாயோ செப்டிக் டேங்க்கோ நிறைந்திருக்கும். குழாய்க்காரரைக் கூப்பிடும்போது "டாய்லெட் ரிப்பேர்" என்று மட்டும் சொல்லாமல், வாளிச் சோதனையில் என்ன ஆயிற்று, பென்சில் கோடு எவ்வளவு இறங்கியது, எந்தத் துளையில் சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள். சரியான சாமானோடு வருவார்.

ஆங்கிள் வால்வை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சும்மா மூடித் திறந்து வையுங்கள். வருஷக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிவிடும். அவசரத்தில் இடுக்கி போட்டுத் திருப்பினால் கழுத்தோடு உடைந்து வரும். அப்படி இறுகியிருந்தால் அதோடு மல்லுக்கட்டாமல் வீட்டின் பிரதானக் குழாயை மூடுங்கள். அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லாருக்கும் இன்றைக்கே காட்டிவிடுங்கள். நான் ரப்பரோ வால்வோ மாற்றினால் டேங்க் மூடியின் உட்பக்கத்தில் அழியாத பேனாவால் தேதி எழுதி வைக்கிறேன். நான்காம் அறையில், "மணல் எடுத்தது, ரப்பர் நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறேன்.